துப்பாக்கிக்கு ஒரு கைப்பிடித் துணி
ரைபிளின் கைக்காப்பைக் கழற்றி மாட்டுவதில் அடங்கிய அறிவியல்

அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும்போது கைப்பிடித் துணியைத் தேடுகிறோம். தோசைத் திருப்பிக்கு மரப்பிடி போடுகிறோம். காப்பி டபராவின் விளிம்பு வெளியே மடிந்திருப்பதும் விரல் சுடாமல் இருப்பதற்காகவே. சூடான பொருளைக் கையில் பிடித்தாக வேண்டும், ஆனால் கை சுடக் கூடாது. மிகப் பழைய இந்தச் சிக்கல் சமையலறையோடு நின்றுவிடவில்லை. போர்வீரனின் கையிலுள்ள ரைபிளிலும் அது உண்டு. அங்கே அதற்குக் கண்ட தீர்வின் பெயர் ஹேண்ட்கார்டு. இக்கட்டுரையில் அதைக் கைக்காப்பு என்றே அழைப்போம்.

ரைபிளை ஏந்தும் ஒருவர் வலக்கையால் பின்பகுதியைப் பற்றி விசையை இயக்குகிறார். இடக்கை முன்னே நீண்டு குழலைத் தாங்குகிறது. இடக்கை தாங்கும் அந்த இடத்தில் குழலைச் சுற்றி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஓர் உறை இருக்கும். அதுவே கைக்காப்பு. பார்ப்பதற்கு மிக எளிய உறுப்பு. ஆயினும் வெப்பவியல், பொருளியல்புகள், இயந்திரவியல் ஆகிய மூன்றும் அதில் சந்திக்கின்றன. பராமரிப்பின்போது அதைக் கழற்றி மீண்டும் மாட்டும் முறையைப் பார்த்தால் இவை ஒவ்வொன்றாக விளங்கும்.

குழல் ஏன் சுடுகிறது?

ஒரு தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரியும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் குண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவின் எம்-16 வகை ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில் இருக்கும் மருந்து இரண்டு கிராமுக்கும் குறைவு. அது எரிந்தால் ஏறத்தாழ 6,000 ஜூல் ஆற்றல் கிடைக்கும். சுமார் 4 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 940 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் வரும் என்பதை மாணவர்கள் அறிவர். அப்படிக் கணக்கிட்டால் குண்டின் ஆற்றல் 1,770 ஜூல் அளவே. மொத்தத்தில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எஞ்சியதில் பெரும்பகுதியைச் சூடான வாயுக்கள் குழல்வாய் வழியாக வெளியே கொண்டுபோய்விடுகின்றன. ஒரு பகுதி குழலின் எஃகில் வெப்பமாக இறங்குகிறது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, ஒவ்வொரு சுடுதலுக்கும் 1,000 ஜூல் வெப்பம் குழலில் சேர்வதாகக் கொள்வோம். குழலின் எடை 800 கிராம் என வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் எஃகை ஒரு பாகை சூடேற்ற அரை ஜூலுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் போதும். ஆகவே முழுக் குழலையும் ஒரு பாகை சூடேற்றச் சுமார் 400 ஜூல் தேவை. முப்பது தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி விரைவாகத் தீர்ந்துவிட்டால் 30,000 ஜூல் சேர்ந்திருக்கும். அதை 400-ஆல் வகுத்தால் 75 வரும். காலையில் 30 பாகை செல்சியஸில் இருந்த குழல், ஒரு பெட்டி தீர்ந்ததும் 105 பாகையைத் தொட்டுவிடும்!

இது சராசரிக் கணக்கே. தோட்டா அறைக்கு அருகில் சூடு இன்னும் கூடுதலாக இருக்கும். 60 பாகை வெந்நீரில் சில நொடிகள் இருந்தாலே தோல் வெந்துவிடும். 70 பாகையில் ஒரு நொடி போதும். அப்படியானால், கொதிநீரைவிடச் சூடான எஃகுக் குழலை வெறுங்கையால் பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோல் சுற்றிய காலம்

பழைய கரிமருந்துத் துப்பாக்கியைக் குழல்வாய் வழியாக மருந்திட்டுக் கிடித்துச் சுட வேண்டியிருந்தது. தேர்ந்த வீரனும் நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடிந்தது. இரண்டு சுடுதல்களுக்கு இடையில் குழல் ஆற நேரம் இருந்தது. எனவே குழலின் அடியில் மட்டும் மரக்கட்டை இருந்தது. மேற்பகுதி திறந்தே கிடந்தது.

பின்பக்கம் தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்ததும் சுடும் வேகம் பெருகியது. 1871-இல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றி ரைபிளை ஏற்றது. தென்னாப்பிரிக்காவில் 1879-இல் நடந்த ஜூலு போரில் அதை ஏந்திய வீரர்கள் குழலின் சூடு பொறுக்க முடியாமல் தவித்தனர். மாட்டுத் தோலைக் குழலோடும் கட்டையோடும் சேர்த்துச் சுற்றித் தைத்துக்கொள்வது அக்கால வீரர்களிடையே வழக்கமாயிற்று. தொழிற்சாலை தராத கைக்காப்பை வீரர்கள் தாமே செய்துகொண்டனர் என்று சொல்லலாம்.

1884-இல் பிரான்சு நாட்டின் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். 1886-இல் வந்த லெபல் ரைபிள் அம்மருந்தைப் பயன்படுத்தியது. பல தோட்டாக்களைப் பெட்டியில் அடைத்து வேகமாகச் சுடும் ரைபிள்கள் எங்கும் பரவின. முதல் உலகப்போருக்கு முன்பே பிரிட்டிஷ் காலாட்படை வீரர் ஒருவர் நிமிடத்துக்குக் குறி பார்த்து 15 முறை சுட வேண்டும் என்று பயிற்சி பெற்றார். அவருடைய கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு. 1907-இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் வகையில், குழல் அடியிலும் மேலும் ஏறக்குறைய வாய் வரை மரத்தால் மூடப்பட்டிருந்தது. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிப் போரிடும்போதும் வீரர் முன்பகுதியைத்தான் இறுகப் பற்ற வேண்டும். மேல் மரம் அப்போதும் கையைக் காத்தது.

மரமா, பிளாஸ்டிக்கா?

மரத்தை ஏன் தேர்ந்தார்கள்? எஃகோடு ஒப்பிட்டால் மரம் வெப்பத்தை முந்நூறில் ஒரு பங்கு அளவுக்கே கடத்துகிறது. உறுதியும் உண்டு. செதுக்குவதும் எளிது. அக்ரூட் எனப்படும் வால்நட் மரம் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. அது ஈரத்தைக் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சிறியது, குறுக்குவாக்கிலோ கணிசமானது. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதை எல்லா வீடுகளிலும் காணலாம். அதே இறுக்கம் ரைபிளில் நேர்ந்தால் மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கும்.

நெருக்கினால் என்ன? குண்டு குழலினுள் ஓடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். மரம் ஒரு நாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமும் நெருக்கினால் அதிர்வு மாறும். குறி தவறும். ஆகவே மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஈரம் புகாமல் காத்தனர். லீ-என்ஃபீல்டின் முன்கட்டையைக் கழற்றும் வேலையைச் சாதாரண வீரருக்கு விடவில்லை. ஆர்மரர் எனப்படும் படைக்கலக் கம்மியரே அதைச் செய்தார். மரமும் எஃகும் பொருந்தியிருக்கும் விதம் கெட்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

ஆனால் இதனால் ஒரு தொல்லை விளைந்தது. மரத்துக்கும் குழலுக்கும் இடையில் மழைநீர் புகுந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே எண்ணெய் மினுங்கும். உள்ளே துரு பிடிக்கும். பயன்படுத்துபவரே திறந்து பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது! பிற்கால வடிவமைப்பாளர்கள் இதை மனத்தில் கொண்டனர்.

யூஜின் ஸ்டோனர் என்பவர் ஆர்மலைட் நிறுவனத்தில் 1950-களில் உருவாக்கிய ரைபிளின் வழித்தோன்றலே எம்-16. மரத்தை முற்றிலும் நீக்கிவிட்டு அவர் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பயன்படுத்தினார். பிளாஸ்டிக் ஈரத்தால் மரம்போல் வளைந்து முறுகுவதில்லை. வெப்பத்தைக் கடத்துவதிலும் அது மரத்தைப் போலவே மந்தமானது.

ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கும் ஓர் அரிக்கேன் விளக்கும்

எம்-16-இன் கைக்காப்பைக் கையில் எடுத்து உட்புறத்தைப் பார்த்தால் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்று பதிந்திருக்கும். வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் அலுமினியத்தை வெப்பத் தடுப்புக்கு வைப்பானேன் என்று கேட்கத் தோன்றும்.

வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவை கடத்தல், சலனம், கதிர்வீசல் என்பன. குழலுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது. அசையாத காற்று மரத்தைவிடவும் மோசமான கடத்தி. எனவே கடத்தல் குறைகிறது. கருமையான குழல் வெப்பக் கதிர்களைத் தாராளமாக வீசும். பளபளப்பான தகடு அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. தெர்மாஸ் பிளாஸ்க்கின் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு கொடுப்பதும் இதே நோக்கத்தோடுதான்.

இனிச் சலனம். கைக்காப்பில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அரிக்கேன் விளக்கில் காற்று அடியில் நுழைந்து, சூடேறி, மேலே வெளியேறுவதைக் கண்டிருப்பீர்கள். இங்கும் அப்படியே. சூடான காற்று மேல் துளைகள் வழியாக எழுகிறது. குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வருகிறது. கைக்குச் சூடு போகாமல் தடுக்கும் உறை, குழல் ஆறுவதற்கு வழியும் விட வேண்டும். துளைகள் இல்லாமல் முழுவதும் மூடிவிட்டால் குழல் நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

வளையத்தின் வேலை

எம்-16-இன் கைக்காப்பு இரண்டு பாதிகளாக இருக்கிறது. முன்குறியின் பின்புறம் ஒரு சிறு தொப்பி உண்டு. இரு பாதிகளின் முன் விளிம்புகளும் அதற்குள் செருகப்படுகின்றன. பின் விளிம்புகளை, ரைபிளின் உடல் பகுதிக்கு முன்னால் இருக்கும் ஒரு வளையம் தழுவிப் பிடிக்கிறது. அதை நழுவு வளையம் எனலாம். வளையத்தின் உள்ளே அலை அலையாக வளைந்த ஸ்பிரிங் ஒன்று இருந்து எப்போதும் அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். திருகாணி கிடையாது, ஒட்டுப்பசையும் கிடையாது.

இறுகத் திருகி வைக்காமல் ஸ்பிரிங் வைத்ததற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, கருவி எதுவும் இல்லாமல் கழற்றலாம். இரண்டாவது, வெப்ப விரிவு. ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை சூடேறினால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீள்கிறது. கைக்காப்பு மூடியிருக்கும் சுமார் 30 சென்டிமீட்டர் குழல், 100 பாகை சூடேறினால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். தண்டவாளங்களுக்கு இடையில் இடைவெளி விடுவது ஏன் என்பதை நினைவு கொள்க. குழல் நீளும் அளவுக்குக் கைக்காப்பு நீளாது. அது குழலின் அளவுக்குச் சூடேறுவதும் இல்லை. இரண்டையும் இறுகப் பூட்டினால் ஒன்று மற்றொன்றை இழுக்கும், பிளாஸ்டிக் வெடிக்கும். ஸ்பிரிங்கோ அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, பிடியையும் விடாமல் வைத்திருக்கிறது.

கழற்றும் முறை

முதல் வேலை கைக்காப்பைத் தொடுவதன்று. ரைபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்வதே முதல் வேலை. தோட்டாப் பெட்டியை முதலில் அகற்ற வேண்டும். பின்னரே போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தடுத்து நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பெட்டி உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், அறையில் இருந்த தோட்டா வெளியே விழும்; பெட்டியிலிருந்து புதிய தோட்டா உள்ளே ஏறிவிடும். காலி என்று நம்பிய துப்பாக்கி காலியாக இராது. இந்தப் பிழை உயிரையே வாங்கும்.

அடுத்து, குழல் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் மேல் நோக்க ரைபிளை நிறுத்துவார்கள். எவர் முகமும் குழல்வாய்க்கு நேராக இருக்கலாகாது. ஒருவர் இரு கைகளாலும் வளையத்தைக் கீழ் நோக்கி அழுத்துவார். ஸ்பிரிங் அமுங்க, வளையம் இறங்கும். மற்றொருவர் ஒரு பாதியின் அடிவிளிம்பை வெளிப்புறமாக விலக்கி, பின் முன்தொப்பியிலிருந்து உருவி எடுப்பார். மறு பாதியும் இவ்வாறே. அமெரிக்கப் படையின் கையேடு இதை இருவர் சேர்ந்து செய்யும் வேலையாகவே காட்டுகிறது. ஸ்பிரிங் அவ்வளவு வலிவானது.

தனியாகச் செய்பவருக்குத் திருப்புளியைக் கொண்டு நெம்பலாமே என்ற ஆசை எழும். அது கூடாது. நெம்புகோலின் தத்துவப்படி, திருப்புளியின் கூர்முனையில் கைவிசையைப் போலப் பல மடங்கு விசை பிறக்கும். அது முழுவதும் பிளாஸ்டிக்கின் மெல்லிய விளிம்பில் ஒரு புள்ளியில் இறங்கும். விளிம்பு உடைந்தால் வளையம் பிடிப்பதற்கு ஒன்றும் இராது.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

கைக்காப்பு அகன்றதும் குழலின் மேலே மெல்லிய எஃகுக் குழாய் ஒன்று தெரியும். குண்டைத் தள்ளிய வாயுவில் சிறிதளவு இதன் வழியாகப் பின்னே சென்று, அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைச் செய்கிறது. இது வளைந்தால் ரைபிள் தானாக இயங்காது. ஆகையால் கழற்றும்போதும் மாட்டும்போதும் இதன்மேல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழலின் வெளிப்புறத்தில் துரு, மண், ஈரம் இருந்தால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுப்பார்கள். எண்ணெய் மிகுந்தால் அது தூசியை இழுக்கும், சூட்டில் புகையும். கைக்காப்பின் பாதிகளில் வெடிப்பு உண்டா, அலுமினியத் தகடு ஆடுகிறதா, நசுங்கிக் குழலைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். தகடு குழலைத் தொட்டால் காற்று இடைவெளி போயிற்று. வெப்பம் நேரே கைக்கு வந்துவிடும்.

மாட்டும்போது வரிசை தலைகீழாகிறது. முன் விளிம்பைத் தொப்பிக்குள் செருகி, வளையத்தை அழுத்தி, பின் விளிம்பை உட்காரவைத்து, வளையத்தை மெல்ல விட வேண்டும். வளையம் இரு பாதிகளின் விளிம்பையும் சுற்றிலும் முழுமையாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, கையால் அசைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு பக்கம் அரைகுறையாகச் சிக்கியிருந்தால், ஓடும்போதோ சுடும்போதோ அது கழன்று விழும். அந்நேரத்தில் இடக்கை பிடித்திருப்பது வெறும் குழலாக இருக்கும்.

ஒரே அச்சில் இரு பாதிகள்

முதலில் வந்த எம்-16-இன் கைக்காப்பு முக்கோண வடிவில் இருந்தது. அதன் பாதிகள் இடம், வலம் எனப் பிரிந்தன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது. எளிதில் உடைந்தும் போயின. இடப்பாதி உடைந்தவருக்குக் கிடங்கில் வலப்பாதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. 1980-களின் தொடக்கத்தில் வந்த எம்-16 ஏ-2 வகையில் இது மாறியது. உருண்டையான புதிய கைக்காப்பு மேல், கீழ் என இரு பாதிகள் கொண்டது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எந்தப் பாதியும் எந்தப் பக்கமும் பொருந்தும். உதிரிப் பாகங்களின் வகை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பிளாஸ்டிக்கும் வலுவானதாயிற்று. வழுக்கிக்கொண்டிருந்த நேரான வளையத்துக்குப் பதிலாகச் சரிவான வளையம் வைத்ததால் விரல்களுக்கு நல்ல பிடிமானம் கிடைத்தது.

பிற நாட்டு ரைபிள்களில் வேறு ஏற்பாடுகள் உண்டு. ரஷ்யாவின் கலாஷ்னிக்கோவ் ரைபிளில் மேல் கைக்காப்பு வாயுக் குழாயோடு இணைந்தே இருக்கிறது. ஒரு சிறு நெம்பியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். இன்றைய சில ரைபிள்களில் கைக்காப்பு குழலை எங்கும் தொடாமல், பின்புறம் மட்டும் திருகி நிறுத்தப்படுகிறது. குழல் தடையின்றி அதிர்வதால் குறி துல்லியமாகிறது. ஆனால் அதைக் கழற்றக் கருவிகள் வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் இந்நிலை பொறியியலில் எங்கும் காண்பதே.

பராமரிப்பு தந்த பாடம்

வியட்நாம் போரில் 1966, 1967 ஆண்டுகளில் எம்-16 ரைபிள்கள் பல, போரின் நடுவே சிக்கிக்கொண்டு சுட மறுத்தன. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 1967-இல் இதை ஆராய்ந்தது. வெடிமருந்தின் வகையை மாற்றியது, தோட்டா அறைக்குக் குரோமியம் பூசாதது ஆகியவற்றோடு மற்றொரு காரணமும் வெளிப்பட்டது. துப்புரவுக் கருவிகளும் பயிற்சியும் வீரர்களுக்குப் போதுமான அளவு தரப்படவில்லை. இந்த ரைபிளுக்கு அதிகப் பராமரிப்பு தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. அதற்கு விலையாக உயிர்கள் போயின. பின்னர் குரோமியம் பூசினார்கள். துப்புரவுக் கருவிகளை வழங்கினார்கள். 1968-இல் வில் ஐஸ்னர் என்ற ஓவியரைக் கொண்டு, சித்திரக் கதை வடிவில் பராமரிப்புக் கையேடு ஒன்றையும் வெளியிட்டார்கள். இளம் வீரர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள் என்பதே நோக்கம்.

அங்கே சிக்கலுக்குக் காரணம் கைக்காப்பு அன்று. எனினும் அந்தப் பாடம் கைக்காப்புக்கும் பொருந்தும். மூடியிருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்குகிறது, துரு தொடங்குகிறது. நம் வீட்டுத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும், சைக்கிளின் செயின் உறைக்கும், தையல் இயந்திரத்தின் அடித்தகட்டுக்கும் இது பொதுவானது. எந்த உறையையும் கழற்றும் முன் மின்சாரமோ தோட்டாவோ உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நெம்பாமல் திறக்க வேண்டும். உள்ளே பார்த்துத் துடைக்க வேண்டும். திரும்ப மூடியபின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும்.